மூடிய வட்டமும் நீளும் தொடரும்: ‘ட்வெல்வ் மங்கீஸ்’ தொலைக்காட்சி மறுவாக்கத்தில் காலமும் முடிபும்

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற அறிவியல் புனைவுத் திரைப்படங்கள் தொலைக்காட்சித் தொடர்களாக மறுவாக்கம் பெறும்போது, கதை எந்த அளவுக்கு மூலத்தை ஒத்துள்ளது என்பதே பெரும்பாலும் மதிப்பீட்டின் அளவுகோலாகிறது. இக்கட்டுரை அவ்வளவுகோலின் போதாமையைச் சுட்டுகிறது. கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெட்டே’ (1962), டெர்ரி கில்லியமின் ‘ட்வெல்வ் மங்கீஸ்’ (1995), அப்பெயரிலேயே அமைந்த தொலைக்காட்சித் தொடர் (2015–2018) ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, வடிவத்தின் நீளம் கதையின் காலக் கோட்பாட்டையே மாற்றிவிடுகிறது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மறுவாக்கம், வழிநூல், காலப்பயணம், தொடர்வடிவம், முடிபு.

முன்னுரை

மறுவாக்கம் என்பது தமிழ் இலக்கண மரபுக்குப் புதிய கருத்தன்று. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, விரித்தலை வழிநூலின் வகைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. நன்னூலின் பாயிரமோ வழிநூலுக்கு ஒரு வரையறை வகுக்கிறது: முடிபில் முன்னோர் நூலோடு ஒத்திருக்க வேண்டும், இடையில் தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் செய்துகொள்ளலாம். நூல்களுக்கென வகுக்கப்பட்ட இவ்விதியைத் திரைக்கலைக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது. ஆயினும் அது எழுப்பும் வினா பயனுடையது. ஒரு படைப்பை விரித்த பின்னும் அதன் முடிபு அதுவாகவே நிற்குமா? விரித்தல் அளவை மட்டும் கூட்டும் செயலா, பொருளையும் மாற்றும் செயலா?

இவ்வினாவுக்கு ‘ட்வெல்வ் மங்கீஸ்’ தக்க களமாகிறது. 28 நிமிடக் குறும்படம் ஒன்று 129 நிமிடத் திரைப்படமாகி, பின்னர் 47 பகுதிகள் கொண்ட தொடராகவும் விரிந்தது. ஒரே கதைக்கருவை மூன்று நீளங்களில் வைத்து ஆராயும் வாய்ப்பு இங்குக் கிட்டுகிறது.

உறைந்த காலம்

‘லா ஜெட்டே’ ஏறத்தாழ முழுவதும் கறுப்பு வெள்ளை நிழற்படங்களால் ஆனது. மூன்றாம் உலகப் போருக்குப் பின் பாரிஸ் நகரின் நிலத்தடியில் வாழும் மனிதர்கள், கைதி ஒருவனைக் காலத்தினூடே அனுப்புகின்றனர். சிறுவனாக இருந்தபோது ஒர்லி விமான நிலையத்தில் கண்ட ஒரு பெண்ணின் முகமும், அங்கு ஒருவன் இறந்து விழுந்த காட்சியும் அவன் நெஞ்சில் பதிந்துள்ளன. அன்று இறந்தவன் தானே என்பதை இறக்கும் கணத்தில் அவன் உணர்கிறான். படம் முழுவதிலும் ஒரே ஓரிடத்தில்தான் அசைவு நிகழ்கிறது: உறங்கிக்கொண்டிருந்த பெண் விழி திறக்கிறாள்.

இங்கு வடிவமும் பொருளும் ஒன்றாகின்றன. நிழற்படத்தில் உள்ளது முன்பே நடந்து முடிந்தது; அதைத் திருத்த இயலாது. நடந்ததை மாற்ற முடியாது என்ற கொள்கையை மார்க்கர் உரையாடலால் விளக்கவில்லை; அசையாப் படங்களே அதைச் சொல்லிவிடுகின்றன.

டேவிட் பீப்பிள்ஸ், ஜேனட் பீப்பிள்ஸ் இருவரும் எழுதிய திரைக்கதையைக் கொண்டு கில்லியம் இக்கருவை இயங்கும் படமாக்கினார். கொடிய நுண்மி ஒன்றால் ஐந்நூறு கோடி மக்கள் மாண்டபின் எஞ்சியோர் நிலத்தடியில் வாழ்கின்றனர். அங்கிருந்து ஜேம்ஸ் கோல் கடந்த காலத்திற்கு அனுப்பப்படுகிறான். அவன் பணி பேரழிவைத் தடுப்பதன்று. நுண்மியின் திரிபடையாத மூலவடிவைப் பற்றிய தகவலைக் கண்டறிவதே. பின்னர் வரும் தலைமுறை அதைக்கொண்டு மருந்து காணலாம். படத்தின் இறுதியில் கோல் விமான நிலையத்தில் சுடப்பட்டு விழுகிறான். சிறுவனான கோல் அதைப் பார்த்து நிற்கிறான். வட்டம் மூடிக்கொள்கிறது. முதல்நூலின் முடிபு சிதையவில்லை. அவ்வகையில் கில்லியமின் படம் நன்னூல் காட்டும் வழிநூல் இலக்கணத்திற்கு இயையும்.

குரலும் கைக்கடிகாரமும்

திரைப்படத்திற்கும் தொடருக்கும் இடையிலான வேறுபாட்டை இரு பொருள்களின் வழியே தெளிவாகக் காணலாம்.

திரைப்படத்தில் மனநல மருத்துவர் கேத்ரின் ரெய்லி, கோல் கூறிய தொலைபேசி எண்ணுக்குத் தன் குரலைப் பதிவு செய்கிறாள். அது ஒரு கம்பள நிறுவனத்தின் எண் என்று தெரிந்ததும், அச்சம் நீங்கி, கோலிடம் வந்து தான் பேசியதைச் சொல்லத் தொடங்குகிறாள். அவள் சொல்லி முடிக்குமுன் கோல் எஞ்சிய சொற்களைக் கூறிவிடுகிறான். அப்பதிவை அவன் எதிர்காலத்தில் முன்பே கேட்டிருக்கிறான். தன்னிச்சையாகச் செய்ததாக அவள் எண்ணிய செயல் முன்பே நிகழ்ந்து முடிந்த ஒன்று. ஒரு விளக்கவுரையும் இன்றி, மூடிய காலத்தின் கொடுமையை இக்காட்சி உணர்த்திவிடுகிறது.

டெர்ரி மடாலஸ், டிராவிஸ் ஃபிக்கெட் ஆகியோர் உருவாக்கிய தொடரிலும் பதிவு செய்யப்பட்ட ஒரு பெண்குரல் இடம்பெறுகிறது. ஆனால் இங்கு அக்குரல் மாறாமைக்குச் சான்றன்று. பேரழிவுக்குக் காரணமானவன் யார் எனச் சுட்டி, அதைத் தடுக்கத் தூண்டும் குறிப்பு. 2043ஆம் ஆண்டிலிருந்து வரும் கோல், முதல் பகுதியிலேயே மருத்துவர் கசாண்ட்ரா ரெய்லிக்கு ஒன்றை மெய்ப்பித்துக் காட்டுகிறான். அவளது கைக்கடிகாரத்தில் கீறலிடுகிறான். அதே கடிகாரத்தின் எதிர்காலப் பிரதி அவனிடம் உள்ளது. அதிலும் அக்கணமே கீறல் தோன்றுகிறது. கடந்த காலத்தை மாற்றினால் எதிர்காலம் மாறும் என்பது இத்தொடரின் முதல் விதி.

இவ்விதி ஏன் தேவைப்பட்டது? பார்வையாளருக்கு நம்பிக்கையூட்டும் வணிக நோக்கம் என ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிடலாம். அது முழுமையான விடையாகாது. மூடிய வட்டக் கதையில் முதற்காட்சி எழுதப்படும்போதே இறுதிக்காட்சி முடிவாகியிருக்க வேண்டும். கில்லியமின் படம் தொடங்குவதே விமான நிலையக் கனவில்தான். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோ பருவம் பருவமாக நீட்டிப்புப் பெறுவது. எத்தனை பருவங்கள் கிட்டும் என்பது முதல் பருவம் எழுதப்படும்போது உறுதியன்று. முடிவின் நாள் தெரியாத வடிவத்தில் முடிந்துபோன காலத்தைப் பற்றிய கதை நடைபெறுவது அரிது. எனவே தொடர் காலத்தின் கதவைத் திறந்துவைக்கிறது. முதல் பகுதியின் இறுதியில், காரணமானவன் எனக் கருதப்பட்ட லீலண்ட் கோயின்ஸைக் கோல் சுட்டுக் கொன்று, தான் மறைந்துபோகும் கணத்திற்காகக் காத்திருக்கிறான். ஒன்றும் நிகழவில்லை. அவன் மறைந்திருந்தால் தொடரும் அங்கேயே முடிந்திருக்கும்.

எனினும் கீறலின் விதி மட்டுமே தொடரை ஆள்கிறது எனக் கூறுதல் பிழையாகும். பகுதிகள் நகர நகர, பேரழிவைத் தடுக்கச் செய்த முயற்சிகள் பல அதன் காரணங்களாகவே மாறுகின்றன. வாசல் வழியே வெளியேற்றப்பட்ட மூடிய வட்டம் சாளரத்தின் வழியே மீள்கிறது. ஒன்றோடொன்று முரணும் இவ்விரு விதிகளுக்கு இடையிலான இழுபறியே தொடரின் உயிர்நிலை.

பித்தும் அறிவும்

கதைமாந்தரின் மாற்றங்களும் இக்காலக் கொள்கையோடு தொடர்புடையவை. திரைப்படத்தில் கோல் 1990ஆம் ஆண்டின் பால்டிமோர் மனநல விடுதியில் அடைக்கப்படுகிறான். அவன் கூறும் எதிர்காலம் மெய்யா, நோயின் வெளிப்பாடா என்ற ஐயம் அவனையே பற்றிக்கொள்கிறது. கேத்ரின் மனநல மருத்துவராக இருப்பதன் பயன் இதுவே: நம்புதல், நம்பாமை என்பதே அப்படத்தின் மையச் சிக்கல்.

தொடரில் ரெய்லி நுண்மியியல் அறிஞர். ஐயத்திற்குரிய இடத்தை ஆய்வுத்திறன் பிடித்துக்கொள்கிறது. ‘இவன் பித்தனா?’ என்ற வினா நீங்கி, ‘இதைத் தடுப்பது எவ்வாறு?’ என்ற வினா முன்னிற்கிறது. கேத்ரின் திரைப்படத்தில் தன் உரையில் சுட்டும் கிரேக்கத் தொன்மப் பெண் கசாண்ட்ரா, வருவதை அறிந்தும் எவராலும் நம்பப்படாதவள். தொடர் அப்பெயரை நாயகிக்கே சூட்டுகிறது. ஆனால் அத்தொன்மத்தின் துயரை அவளுக்கு முழுமையாக அளிப்பதில்லை. அத்துயரை ஏற்பவள் ஜெனிஃபர் கோயின்ஸ். திரைப்படத்தின் ஜெஃப்ரி கோயின்ஸ் தொடரில் பெண்ணாக மாற்றப்பட்டுள்ளார். ஜெஃப்ரியின் பித்து, பார்வையாளரைத் திசைதிருப்பும் உத்தி. அவனது கூட்டம் விலங்குகளை விடுவிப்பதோடு நின்றுவிடுகிறது. ஜெனிஃபரின் பித்தோ காலத்தையே உள்ளுணரும் ஆற்றலின் மறுபெயர். இம்மாற்றம் தொடரின் சிறந்த பேறுகளுள் ஒன்று.

அழிக்கப்படுவோர் யார்?

விரித்தலால் இழப்பு மட்டுமே நேர்கிறது என்ற கருத்தை மறுக்க ராம்சே என்ற பாத்திரம் போதும். கோலின் உடன்பிறவா உடன்பிறப்பாகிய ராம்சே, முதல் பருவத்தில் தனக்கொரு மகன் இருப்பதை 2043இல் அறிகிறான். பேரழிவு தடுக்கப்பட்டால் அதற்குப் பின் பிறந்த அச்சிறுவன் இல்லாமற்போவான். மாண்ட கோடிக்கணக்கானோரைக் காக்க, இன்று உயிரோடிருக்கும் ஒரு குழந்தையை இல்லாதவனாக்கலாமா? ராம்சே தன் மகனின் பக்கம் நிற்கிறான். அதனால் நண்பனுக்கே பகையாகிறான்.

இவ்வறச்சிக்கலைத் திரைப்படம் எழுப்பியிருக்க இயலாது. அங்கு கடந்த காலத்தை எவராலும் மாற்ற இயலாது. ஆதலின் எவரும் அழிக்கப்படுவதுமில்லை. மாற்றம் இயலும் என ஒப்புக்கொண்ட உடனேயே அம்மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது என்ற வினா பிறக்கிறது. மூடிய காலத்தின் உணர்வு துயரம். திறந்த காலத்தின் உணர்வு பொறுப்பு.

தொடரின் இறுதியை இவ்வினாவைக் கொண்டே மதிப்பிட வேண்டும். கோலின் பிறப்பே காலச்சுழலால் விளைந்தது. சுழலை அறுக்க வேண்டுமெனில் அவனே காலத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். ராம்சேயின் மகனிடம் கேட்கப்பட்ட விலை இப்போது நாயகனிடம் கேட்கப்படுகிறது. கோல் உடன்படுகிறான். இம்மட்டில் கதை தன் அறத்தை நிறைவு செய்துவிடுகிறது. ஆனால் தொடர் அங்கு நிற்கவில்லை. நீக்கப்பட்டவனை மீட்டுக் கசாண்ட்ராவிடம் சேர்க்கிறது. நான்கு பருவங்கள் உடன் பயணித்த பார்வையாளருக்கு இது நெகிழ்வான நிறைவே. எனினும் விலக்கு ஒருவனுக்கு அளிக்கப்படுகையில், அவ்விலக்கைக் கேட்டு முதலில் மன்றாடிய தந்தையின் வினா விடையின்றி நிற்கிறது.

பிறிதொரு சான்று

தொடர்வடிவம் மூலத்தின் கொள்கையை மாற்றுவது இத்தொடருக்கு மட்டும் உரியதன்று. மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கிய ‘வெஸ்ட்வேர்ல்ட்’ (1973) 88 நிமிடப் படம். அதில் யுல் பிரின்னர் ஏற்ற துப்பாக்கி வீரன் ஓர் இயந்திரம். அவனுக்கு நினைவோ வரலாறோ இல்லை. துரத்துதல் மட்டுமே உண்டு. ஜொனாதன் நோலன், லிசா ஜாய் இருவரும் உருவாக்கிய தொடர் (2016–2022) 36 பகுதிகளுக்கு நீண்டது. அங்கு இயந்திரங்களுக்கு நினைவு திரும்புகிறது. நாள்தோறும் அழிக்கப்பட்ட வலிகள் மீள்கின்றன. அஞ்சத்தக்க பொருளாக இருந்த இயந்திரம் இரங்கத்தக்க உயிராகிறது. நினைவற்ற ஒன்றைப் பல பருவங்கள் பின்தொடர்வது அரிது. தொடர்வடிவம் தன் மாந்தரிடம் வளர்ச்சியை வேண்டுகிறது. ‘ட்வெல்வ் மங்கீஸ்’ தொடரில் காலம் நெகிழ்ந்ததும் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரில் இயந்திரம் நினைவு பெற்றதும் ஒரே தேவையின் இரு விளைவுகள்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: முதலாவது, திரைப்படத்தைத் தொடராக விரித்தல் அளவின் மாற்றம் மட்டுமன்று, கதை எத்தகைய காலத்தை நம்புகிறது என்பதையும் அது மாற்றுகிறது. இரண்டாவது, முடிபில் வேறுபடுவதாலேயே ஒரு மறுவாக்கம் தாழ்ந்ததாகிவிடாது. ‘ட்வெல்வ் மங்கீஸ்’ தொடர் மூலத்தின் துயரை இழந்தது. அதற்கு ஈடாக, மூலம் கேட்க இயலாத வினா ஒன்றைக் கேட்டது. மூன்றாவது, அத்தொடரின் குறை மூலத்திலிருந்து விலகியதன்று. தான் எழுப்பிய வினாவிலிருந்து இறுதியில் விலகியதே. எனவே மறுவாக்கத்தை ஆராய்வோர் ‘மூலத்தை எவ்வளவு ஒத்துள்ளது?’ என்பதோடு, ‘தன் வடிவம் எழுப்பிய வினாவுக்கு எவ்வளவு உண்மையாக இருந்தது?’ என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.