கசியும் பேஸ்மென்ட்டும் உள்பூச்சும்

பேஸ்மென்ட்டில் நீர் கசிந்தால் உள்சுவரைக் கொத்தி, வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து மூடுவது பரவலான வழக்கம். வெளியே தோண்ட வேண்டாம், பக்கத்து மனைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் திருவண்ணாமலை போன்ற மலையடிவார ஊரில் அது நெடுநாள் நிற்பதில்லை.

இங்கே மண்ணுக்கு அடியில் கடினப் பாறை. வடகிழக்குப் பருவமழை நீரில் பெரும்பங்கு ஆழத்துக்கு இறங்காமல் பாறையை ஒட்டிச் சரிவில் வழிகிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறிய மலைச்சரிவு சரிந்து ஏழு பேர் இறந்தனர். இப்படிப்பட்ட நிலத்தில் பாறையை உடைத்து பேஸ்மென்ட் கட்டி, சுற்றிலும் தளர்ந்த மண்ணைக் கொட்டினால் அந்தக் குழியே தொட்டியாகிவிடும். வெளியே மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று டன் அழுத்தம். வெளிப்புறத்தில் ஒட்டிய தார் ஷீட்டை அது சுவரோடு சேர்த்து அமுக்கும். உள்பூச்சையோ பிரித்துத் தள்ளும். முதலில் உப்புப் பூக்கும், பிறகு பெயின்ட் கொப்பளிக்கும், கடைசியில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும்.

விரிசலைக் குறுக்கே சந்திக்கும்படி சாய்வாகத் துளையிட்டு, நிப்பிள் வைத்து, பாலியூரிதேனை ஏற்றும் முறை இதைவிட மேல். நீர் பட்டதும் அது நுரைத்து, ஓடும் கசிவையும் நிறுத்திவிடும். அடைபட்ட நீர் அடுத்த பலவீனமான இடத்தை, பெரும்பாலும் தரையும் சுவரும் சேரும் இணைப்பை, தேடிப் போகும் என்பதுதான் குறை. கோடையில் செய்த வேலை காய்ந்த சுவரில் வெற்றியாகவே தெரியும். அதை ஐப்பசி மழைதான் சோதிக்கும். பில்லுக்கு முழுப் பணம் அதுவரை காத்திருக்கலாம்.

நிலையான தீர்வு வெளியே இருக்கிறது: சுவரைச் சுற்றி ஜல்லி நிரப்பிய வடிகால், அதனடியில் துளைக்குழாய். சமதள ஊரில் அந்த நீரை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். மழை இரவில் மின்சாரம் போனால் தொலைந்தது. சரிவான மனையில், கீழ்ப்புறம் வடிய இடமிருந்தால், நீர் தானாகவே வெளியேறும். மலையடிவாரத்துக்குக் கிடைத்த இந்த அனுகூலத்தைக் கட்டுநர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

பழைய கல் நிலவறைகளுக்கு விதி வேறு. அருணாசலேசுவரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில், 1896இல் இளம் ரமணர் அமர்ந்திருந்த பாதாள லிங்கச் சன்னிதி அந்த வகை. கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடுபவை. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு படிந்து, கல்லின் முகமே உதிரும். இத்தகைய அறைகளில் முதல் வேலை மேலே மழைநீர் தேங்காதபடி வாட்டம் சரிசெய்வது. அதற்குப் பிறகே இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து.