துருவம் போன உழவு வண்டி

சோழவந்தான் பக்கம் நெல்லறுப்பு நடக்கும்போது வயலோரம் கொஞ்சம் நின்று பாருங்கள். ஈரம் காயாத வயலென்றால் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வரவேண்டும்; வாடகையும் கூட. சக்கரம் தொடும் நாலு இடத்தில் மட்டும் பாரத்தை இறக்காமல் பட்டை முழுக்கப் பரப்பிவிடுவதால் சேறு அதை விழுங்குவதில்லை. தென்துருவப் பனியில் ஓடிய பழைய வண்டிகளின் சூட்சுமமும் இவ்வளவுதான். அவற்றின் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது புகைப்படங்களைப் பார்த்து. விஷயம் பிடிபட்டது இந்த வரப்பில்.

அவற்றில் அழகி, சந்தேகமே இல்லாமல், டக்கர் ஸ்னோ-கேட். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து மெட்ஃபோர்டில் செய்தது. ஆரஞ்சு நிறம். நாலு மூலையிலும் சின்னப் படகு மாதிரி ஒவ்வொரு தாங்கி. அதைச் சுற்றி ஏணிப்படி போன்ற இரும்புப் பட்டை ஓடுகிறது. ஒவ்வொரு தாங்கியும் தனித்தனியாக ஆடும். மேடு வந்தால் மூக்கைத் தூக்கும், பள்ளம் வந்தால் குனியும். திரும்பும்போது முன் அச்சு, பின் அச்சு இரண்டுமே வளைந்துகொடுக்கும். 1957 நவம்பரில் விவியன் ஃபுக்ஸ் இப்படிப்பட்ட வண்டிகளோடு கிளம்பி, 99 நாளில் அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடந்தார். பனிப்பிளவின் மேல் ஒரு ஸ்னோ-கேட் பாலம் போட்டதுபோல் கிடக்கும் படம் ஒன்று உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

ஆனால் மனசு போவது வேறொரு வண்டியிடம். அதே பயணத்தில், எதிர்ப்பக்கமிருந்து ஃபுக்ஸுக்காக எரிபொருளும் உணவும் சேர்த்துவைக்க வந்தவர் எட்மண்ட் ஹிலாரி. எவரெஸ்ட் ஏறியவரேதான். அவர் கொண்டுபோனது ஃபெர்குசன் டிஇ20, அசல் உழவு டிராக்டர். குதிரைத்திறன் 30-ஐக்கூட எட்டாது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பட்டை கட்டி, மேலே கான்வாஸ் கூண்டு போட்டு, பிளவில் ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்று வண்டிகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டார்கள். முன் சக்கரமும் பட்டைக்குள் போய்விட்டதால் வழக்கம்போல் திருப்ப முடியாது. எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அந்தப் பக்கப் பிரேக்கை மிதிக்கவேண்டும். வரப்போரம் ஒற்றைப் பிரேக் மிதித்து டிராக்டரைச் சுழற்றும் நம்மூர் டிரைவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அவர்கள் துருவப் பீடபூமிக்கு ஏறிய வழியின் பெயர் ஸ்கெல்டன் பனியாறு. அந்தப் பெயருக்குரிய ரெஜினால்ட் ஸ்கெல்டன் யாரென்றால், ஸ்காட்டின் தென்துருவப் பயணத்துக்காகப் பட்டை பூட்டிய மூன்று மோட்டார் வண்டிகளை உருவாக்குவதில் முக்கியமானவர். அந்த மூன்றில் ஒன்று 1911 ஜனவரியில், கப்பலிலிருந்து இறக்கும்போதே கடற்பனி உடைந்து மூழ்கியது. மற்ற இரண்டும் எஞ்சின் கோளாறால் பாதியில் நின்றன. பட்டை வண்டி உதவாது என்று அப்போது முடிவுகட்டியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் தோற்றது எஞ்சின்தான். பட்டை என்ன பாவம் செய்தது?

கதை நம்மூருக்கும் வருகிறது. ஃபெர்குசன் கம்பெனி மாஸி-ஹாரிஸோடு 1953-இல் இணைந்தது; பின்னால் மாஸி ஃபெர்குசன் என்று பெயர் கொண்டது. அந்தக் கூட்டில் 1960-இல் சென்னையில் தொடங்கியதுதான் டாஃபே. அதன் தொழிற்சாலை ஒன்று மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், கல்லடிப்பட்டியில் இருக்கிறது. கேஜ் வீல் மாட்டித் தொழியில் இறங்கும் மாஸியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கான்வாஸ் கூண்டுதான் ஞாபகம் வரும்.

1958 ஜனவரி 4 அன்று மூன்று ஃபெர்குசன்கள் தென்துருவம் சேர்ந்தன. தரைவழியே அங்கே போன முதல் மோட்டார் வண்டிகள் அவைதான். மிச்சமிருந்த பெட்ரோல் ஒரு பீப்பாய்கூட இல்லை. அழகி ஸ்னோ-கேட் வந்து சேர இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.