பாலைக்குப் பொன் பூசுதல்

சென்ற மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பியர்பொன்ட்ஸில் உள்ள ஒரு நண்பரின் வீட்டு பேஸ்மென்ரில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். நண்பர் வாரநாட்களில் தொழிற்சாலை இயந்திரத்தோடு மாரடிப்பவர். மிச்ச நேரம் முழுவதையும் கமராவுக்குக் கொடுத்தவர். தான் எடுத்த படங்களில் அறுபதைத் தெரிந்தெடுத்துப் பெரிய தொலைக்காட்சித் திரையில் காட்டினார். முதற் பாதி அரிசோனாவில் ரூசன் நகருக்கு அருகேயுள்ள சகுவாரோ தேசியப் பூங்காவில் எடுத்த கள்ளிகள். மறுபாதி, ஊருக்குப் போனபோது வடமராட்சி மணற்காட்டில் எடுத்தவை: மணல் மேடுகள், சவுக்கு, இராவணன் மீசை, அடம்பன் கொடி, பாதி மணலில் புதைந்த பழைய தேவாலயச் சுவர். எல்லாம் மாலை வெயிலில். பார்த்தவர்கள் 'என்ன வடிவு' என்றார்கள். நானும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், அப்படிச் சொன்னது எனக்கே உறுத்தத் தொடங்கியது. இக்குறிப்பு அந்த உறுத்தலின் விளைவு. நண்பரைத் தாக்குவதற்காக எழுதப்பட்டதல்ல. அவருக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிட்டேன்.

படங்களின் திறனைக் குறைத்துச் சொல்ல முடியாது. சோயா எனப்படும் கள்ளியைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தார். ஒவ்வொரு முள்ளும் நெருப்புப் பிடித்தது போல விளிம்பில் எரிகிறது. ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய சகுவாரோ கறுப்பு நிழலாய்க் கை தூக்கி நிற்கிறது. (அந்தக் கை முளைக்கவே ஐம்பது, எழுபது வருடங்கள் செல்லும் என்கிறார்கள்.) ஆனால் இருபதாவது படம் கடந்தபோது நான் செடிகளைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசோனாவும் மணற்காடும் ஒரே ஊர் ஆகிவிட்டன.

அந்தப் பொன் தானாக வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சூரியன் சரியும்போது ஒளி காற்றுமண்டலத்துள் நெடுந்தூரம் வரவேண்டியிருக்கிறது. நீலம் வழியில் சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளும் எஞ்சி வந்து சேர்கின்றன. இது இயற்கை. ஆனால் இன்றைய டிஜிட்டல் கமராவைத் தன் போக்கில் விட்டால் அந்த மஞ்சளில் ஒரு பகுதியை 'பிழை' என்று எண்ணித் திருத்திவிடும். பொன் வேண்டுமென்றால் வெண்மைச் சமன்பாட்டைப் பகல் வெளிச்சத்துக்கோ முகில் மூடிய வானத்துக்கோ நாம்தான் மாற்றி வைக்கவேண்டும். பிலிம் காலத்திலும் 1990இல் வந்த வெல்வியா போன்ற ஸ்லைட் பிலிம்கள் நிறத்தை உள்ளதற்கு மேல் தூக்கிக் காட்டின. பொன் என்பது ஒரு தெரிவு. தெரிவு என்று வந்துவிட்டால் விமர்சனத்துக்கு இடமுண்டு.

எமது மரபு பாலைக்கு மாலையைக் கொடுக்கவில்லை. தொல்காப்பியம் பாலைக்கு வகுத்த சிறுபொழுது நண்பகல். மாலை முல்லைக்குரியது, சூரியன் சாயும் எற்பாடு நெய்தலுக்குரியது. இது வெறும் பட்டியல் என்று எண்ணிக் கடந்துபோகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முல்லையின் மாலை, வீட்டில் இருந்து வழி பார்ப்பவளின் பொழுது. பாலையின் நண்பகல், வழியில் நடப்பவனின் பொழுது. பாலைக்கென்று நிலையான நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வரண்டு பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது. ஆக, பாலை ஒரு இடமென்பதை விட ஒரு கடத்தல். குறுந்தொகைப் பாலைப் பாட்டொன்றில் கள்ளிக்காய் வெயிலில் வெடிக்கிற சத்தத்துக்குப் புறாச் சோடி வெருண்டு எழும்புகிறது. அந்தக் கள்ளியை நாம் காண்பதில்லை, கேட்கிறோம். (அது பால் வடிகிற நம்மூர்க் கள்ளி. நண்பரின் படங்களில் 'எங்கட நாகதாளி' என்று தலைப்பிடப்பட்டிருந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த குடியேறி. அதை அழிக்கும் பூச்சியும் சாயத்துக்கென்று பின்னால் கொண்டுவரப்பட்டதுதான். சொந்தம் கொண்டாடுவதில் எமக்கு நிகரில்லை.)

மாலைப் பொன்னில் பாலையைப் பார்க்கிறவர் யார்? தண்ணீர்ப் போத்தலும், குளிரூட்டிய காரும், இரவுக்கு ஒரு அறையும் உள்ளவர். நண்பர் படமெடுத்த அதே சொனோரன் பாலையில்தான், 1994இல் அமெரிக்க அரசு எல்லை நகரங்களை இறுக்கி ஆட்களை வனாந்தரத்துப் பக்கம் தள்ளிய பின், ஆயிரக்கணக்கானோர் வெயிலிலும் தாகத்திலும் இறந்தனர். மானிடவியலாளர் ஜேசன் டி லியோனின் 'திறந்த புதைகுழிகளின் நிலம்' என்ற நூல் 2015இல் வந்தது. எல்லை கடந்தவர்களே மலிவுக் கமராக்களில் எடுத்த படங்களும் அதில் உண்டு. அவற்றில் எவரும் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. ரிச்சார்ட் மிஸ்ராக் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் நெவாடாவில் கடற்படை குண்டு போட்டுப் பழகிய பாலையை அழகான ஒளியில் எடுத்து 1990இல் நூலாக்கினார். அங்கும் அழகு இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்குள் குண்டுக்குழியும் இருப்பதால் கண் தடுக்குகிறது. எமது நண்பரின் படங்களில் கண் தடுக்க எதுவுமில்லை.

மணற்காட்டுப் படங்களில் இது இன்னும் வெளிப்படை. 2004 மார்கழியில் கடல் எழும்பி வந்து உயிர்களைக் கொண்டுபோன கிராமம் அது. மணல் மேடுகளைக் கனரக வாகனங்களில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரவர் முறைப்பாடு செய்துகொண்டிருக்கும் இடம். திரையில் கண்டதோ, எவரும் வாழாத, எவரும் சாகாத, தேனில் தோய்த்தெடுத்த ஒரு மணல்வெளி. இடிந்த தேவாலயச் சுவர்கூட அலங்காரமாகிவிட்டது. நண்பரை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. கடந்த நாற்பது வருடங்களில் நாம் எழுதிய கதைகளையும் கவிதைகளையும் எடுத்துப் பாருங்கள். ஊர் எப்போதும் பின்னேர வெயிலில்தான் வருகிறது. கிணற்றடி, பனங்கூடல், கோயில் மணி. நண்பகலில் ஊர் எப்படி இருந்தது? யார் யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது என்று துரத்தப்பட்டார்கள்? மாலை வெயில் நிழல்களை நீட்டிவிடுகிறது. நீண்ட நிழலுக்குள் பல விடயங்கள் வசதியாக மறைந்துகொள்கின்றன.

இதையெல்லாம் வாசித்துக் காட்டியபோது நண்பர் கோபிக்கவில்லை. சிரித்தார்.

"அண்ணை, மத்தியானத்திலை எடுத்தா எல்லாம் தட்டையா வரும். முள்ளே தெரியாது. முள்ளுத் தெரியாமல் கள்ளியை எடுத்து என்ன?"

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. முள் என்பது கள்ளியின் இலை. அதன் வாழ்க்கை முழுவதும் அந்த முள்ளில் எழுதப்பட்டிருக்கிறது. சாய்ந்த ஒளிதான் அதை எழுத்தாகக் காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. கள்ளி பகலில் தன் துவாரங்களை மூடிக்கொள்கிறது, நீர் போகாமலிருக்க. இரவிலேயே திறந்து காற்றை உள்ளே எடுக்கிறது. நாம் அஸ்தமனம் என்று நினைத்து உருகுகிற பொழுது செடியின் வேலை தொடங்குகிற பொழுது. இப்படிப் பார்த்தால் மாலை, கள்ளியைப் பொறுத்தவரை பொய் அல்ல. 1920களில் இமோஜன் கன்னிங்ஹாம் கற்றாழை வகைச் செடிகளை அருகிலிருந்து, கறுப்பு வெள்ளையில், பொன்னின் துணையின்றி எடுத்துக் காட்டியதை நான் பதிலாகச் சொன்னேன். "அது செடி, இது வெளி" என்றார் நண்பர். அதுவும் சரிதான்.

பிறகு அவர் சொன்னது என்னை அதிகம் யோசிக்கவைத்தது. முப்பது வருடமாக மொன்றியலில் இருக்கிற கண்ணுக்கு நேர் வெயில் கூசுகிறதாம். கணக்குப் பார்த்தேன். இந்நகரம் ஏறத்தாழ 45 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியில் நண்பகலிலும் சூரியன் 21 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதாவது பியர்பொன்ட்ஸில் குளிர்காலப் பகல் முழுவதுமே ஒரு பின்னேரம்தான். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. நிழல் காலடிக்குள் ஒடுங்கிப்போகிறது. அந்த வெயிலை நாம் வெறுமனே விட்டுவிட்டு வரவில்லை. அதைப் பார்க்கும் கண்ணையும் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். தொல்காப்பியர் பாலைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் உரித்தாக்கியிருக்கிறார். அதை வைத்து இந்தப் பனிநிலத்தையும் பாலையென்று வாதாடலாம். அதற்கு இங்கே இடமில்லை.

ஒரு வாரம் கழித்து நண்பர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அறுபதில் சேராதது. மணற்காட்டில் பன்னிரண்டரை மணிக்கு எடுத்தது. வானமும் மணலும் ஒரே வெள்ளை. இராவணன் மீசை உருண்டை ஒன்று ஓரத்தில் கிடக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி. படம் ஒருபக்கம் சரிந்திருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்கப் போனாராம். கால் சுட்டு ஒற்றைக் காலில் நின்றபோது கை தட்டுப்பட்டு எடுபட்டதாம். "இதைப் படமெண்டு சொல்லாதேங்கோ" என்று கீழே எழுதியிருந்தார்.

அடுத்த முறை காட்டும்போது இதையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.