அடைக்கோழியைத் தொலைத்த கொல்லை

ஹெசரகட்டா, ஆனேக்கல், கனகபுரா சாலை என்று பெங்களூரின் ஓரங்களில் மனை வாங்கியவர்கள் பலர் இப்போது கோழி வளர்க்கிறார்கள். வேலிக்குள் அவிழ்த்துவிட்ட கோழி, வீட்டு முட்டை, குழந்தைகளுக்கு வேடிக்கை. நல்ல ஆசைதான். ஆனால் இவர்களுக்குக் குஞ்சு விற்பவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் ஒரு வாக்கியத்தை விடாமல் சொல்லி வருகிறார்கள்: "கிரிராஜாவை வாங்கி விடுங்கள், நாட்டுக்கோழி மாதிரி அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்." இந்த வாக்கியம் தவறு. இதை நம்பிக் குஞ்சுகளைப் பறிகொடுத்த வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கிரிராஜாவின் பெருமையை மறுக்கவில்லை. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட இனம். நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 50, 60 முட்டை இட்டால் இது 130க்கு மேல் இடும். கறியும் சீக்கிரம் ஏறும். 2005இல் வந்த ஸ்வர்ணதாரா என்ற இனம் உடல் எடை குறைந்தது. காட்டுப்பூனை துரத்தினால் கிரிராஜாவைவிட நன்றாக ஓடித் தப்பும். இரவுக் காவலும் பெரிய கஷ்டமில்லை. தரையைவிட்டு உயர்த்திய கூடு, அரை அங்குலக் கம்பிவலை, இருட்டுமுன் சாத்திய கதவு என்றிருந்தால் கீரி, மரநாய், பெருச்சாளி மூன்றையும் தடுத்துவிடலாம்.

சிக்கல் பகலில். கிரிராஜாப் பெட்டை அடைக்கு உட்காராது.

இதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை, இலாபம் என்றே சொல்கிறார்கள். கணக்கு எளிது. நாட்டுப்பெட்டை பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அவயத்துக்கு உட்காரும். 21 நாள் அடை. அப்புறம் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் குஞ்சுகளோடு திரியும். அத்தனை நாளும் முட்டை இல்லை. அந்த நாட்களை மிச்சம் பிடிக்கத்தான் அடைகாக்கும் குணமில்லாத கோழிகளாகப் பொறுக்கியெடுத்து இனத்தை உருவாக்கினார்கள். அந்த இரண்டு மாதமும் தாய்க்கோழி செய்த வேலைக்கு இந்தக் கணக்கில் ஒரு பைசா மதிப்புக்கூட இல்லை. என் ஆட்சேபம் இதுதான். பல ஆண்டுகளாக இதையேதான் சொல்லி வருகிறேன்.

ஆனேக்கல் பக்கம் ஒரு வீட்டில் சாம்பல்நிறச் சிறுவிடை நாட்டுப்பெட்டை ஒன்று ஒன்பது குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் வாங்கி விட்டிருந்த கிரிராஜாக் குஞ்சுகளும் அதே வாசலில் மேய்ந்தன. நல்ல வெயில். எருக்குழி மேல் ஒரு நிழல் ஓடியது. பெட்டை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மட்டும் வானத்துக்குக் காட்டியது. தொண்டையிலிருந்து மெலிதாக, நீளமாக ஒரு சத்தம். ஒன்பதும் அவரைப்பந்தலுக்குள் போய் மூச்சுக்காட்டாமல் ஒடுங்கிவிட்டன. வாங்கி வந்த குஞ்சுகளில் இரண்டு மூன்று ஓடின, மற்றவை நின்ற இடத்தில் நின்றன. பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு தென்னைக்கு மேல் ஏறியபோதும் மீதிக் குஞ்சுகள் வெட்டவெளியில்தான் நின்றன.

மேலிருந்து வரும் ஆபத்துக்குக் கோழி ஒரு குரல் கொடுக்கும், தரையில் வரும் நாய்க்கும் பாம்புக்கும் வேறு குரல் கொடுக்கும். கோழியின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் இதைப் பதிவுசெய்து நிறுவியிருக்கிறார்கள். வீட்டில் வளர்த்தவர்களுக்கு முன்பே தெரியும். குஞ்சுக்குப் பயம் பிறவியிலேயே கொஞ்சம் உண்டு. எந்தக் குரலுக்கு ஓடுவது, எதற்கு உறைந்து நிற்பது, எந்தப் புதருக்குள் போவது என்பதெல்லாம் தாயின் காலடியில் திரிந்துதான் வரும்.

அரசுத் திட்டங்களில் ஒரு நாள் குஞ்சை நான்கு வாரம் மின்விளக்குச் சூட்டில் வளர்த்துப் பயனாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். அப்படி வளர்க்கும் இடத்துக்குப் பெயர் 'மதர் யூனிட்'. சூடு இருக்கிறது, தீனி இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் ஒருமுறைகூடக் குஞ்சு ஓர் எச்சரிக்கைக் குரலைக் கேட்டதில்லை. அந்த இடத்தை மதர் யூனிட் என்று அழைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம் இருக்கும் ஹெசரகட்டாவின் புல்வெளியோ, பறவை பார்ப்பவர்கள் கழுகுகளையும் பூனைப்பருந்துகளையும் தேடி வரும் இடம். மேலே என்ன பறக்கிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாததல்ல.

வலை கட்டி உள்ளே வளர்க்கலாமே என்பார்கள். வளர்க்கலாம், ஆனால் அது மேய்ச்சல் கோழி ஆகாது. தீனிச் செலவு முழுக்க வளர்ப்பவர் தலையில் விழும். கூலிவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது கட்டாது. வலைக்கும் வழியில்லாதவர் கடைசியில் கவணையும் விஷத்தையும் எடுக்கிறார். பருந்தையோ மரநாயையோ கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்தால் தெருநாயும் சாகும், அந்த நாயைத் தின்ற பருந்தும் சாகும்.

குஞ்சு போனால் மறுபடி விலைக்கு வாங்க வேண்டும், ஏனென்றால் கொல்லையில் பொரிக்க ஆளில்லை. நாட்டி கோழிச் சாறுக்கும் ராகி முத்தைக்கும் பேர்போன ஊரில், அடைக்கு உட்காரும் ஒரு பெட்டையைத் தேட வேண்டியிருக்கிறது.

குஞ்சு கொடுக்கும் துறையிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அடைகாக்கும் நாட்டுப்பெட்டை இரண்டு சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே கிரிராஜா வைத்திருப்பவர்கள் துறைக்காகக் காத்திருக்க வேண்டாம். வாத்து முட்டையையே கோழிக்கு அடைவைத்துப் பொரித்த வழக்கம் நமக்கு உண்டு. கூடவே ஒரு சேவலும் இருந்தால், கிரிராஜா முட்டையைச் சிறுவிடைக்கு வையுங்கள். எட்டு முட்டை போதும். அது பெரிய முட்டை, அதற்கு மேல் அவள் இறக்கைக்குள் அடங்காது.