குழூஉக்குறியும் கருத்துரிமையும்

மொழி வழக்கினை இயல்பு வழக்கு என்றும் தகுதி வழக்கு என்றும் இரு கூறாக வகுத்தார் நன்னூலாசிரியர் பவணந்தியார். ஒரு பொருளுக்கு எச்சொல் இயல்பாக அமைந்துள்ளதோ அச்சொல்லாலேயே அதனைக் கூறுதல் இயல்பு. அதனை விடுத்து, இவ்விடத்திற்கு இதுவே தக்கது என்று வேறொரு சொல்லாற் கூறுதல் தகுதி. தகுதி வழக்கு மூன்று வகைப்படும். அவையிற் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நம் வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் எடுத்துக்காட்டுகள்.

இவற்றை நானும் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். வீட்டு வழக்கிலும் சிறு தொழிற்குழுக்களிடையிலும் மட்டுமே இவற்றுக்கு இடமுண்டு என்று எண்ணியிருந்தேன். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் சீன நாட்டில், இணையம் என்னும் பெருமன்றத்தில், இம்மூன்றும் அரசியலாகவும் அன்றாட வாழ்வாகவும் ஆகியிருப்பதை எனக்கு உணர்த்தியவர் கிள்ளானில் சீனப்பள்ளியொன்றில் பணியாற்றும் நண்பர் ஒருவர். அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் படித்தறிந்தவற்றையும் துணையாகக் கொண்டு, கருத்துரிமை என்பதனை ஒரு தமிழாசிரியனின் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரை.

நாட்காட்டியில் இல்லாத நாள்

நண்பர் ஒருநாள் 'மே 35' என்று தாளில் எழுதி, இஃது எந்த நாள் என்று கேட்டார். மே மாதத்திற்கு 31 நாள்தானே என்றேன். மேலும் நான்கு நாள் எண்ணுங்கள் என்றார். எண்ணினேன்; ஜூன் 4 வந்தது. 1989ஆம் ஆண்டு அந்நாளில், பெய்ஜிங் நகரின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் நடத்திய கிளர்ச்சி படைகொண்டு ஒடுக்கப்பட்டது. சீன இணையத்தில் அந்நாளைக் குறித்து எழுதுவன நீக்கப்படுகின்றன. ஆகவே மக்கள் நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளைப் படைத்துக்கொண்டனர். பின்னர் அந்த 'மே 35' என்பதும் தடைக்கு உள்ளாயிற்று.

அங்குள்ள தடை இருவகைப்பட்டது. ஒன்று புறமதில். ஃபேஸ்புக், டுவிட்டர், யூடியூப் ஆகியவை 2009ஆம் ஆண்டு முதல் அந்நாட்டினுள் நுழையவொட்டாமல் அடைக்கப்பட்டன. கூகுள் நிறுவனம் 2010இல் தன் சீனத் தேடற்பணியை ஹாங்காங்குக்கு மாற்றிக்கொண்டது. மற்றொன்று அகமதில். மக்கள் எழுதுவதற்கு அவர்கள் எழுதும் தளத்தை நடத்தும் நிறுவனமும் பொறுப்பாக்கப்படுகிறது. அதனால் நிறுவனங்களே ஆட்களை அமர்த்தியும் பொறிகளை வைத்தும் சொற்களைச் சலித்து எடுக்கின்றன. புறமதில் எல்லார்க்கும் தெரியும். வலிமை மிக்கது அகமதிலே என்பது என் கருத்து.

இனி நன்னூலார் வகுத்த மூன்றையும் அங்கே பொருத்திக் காண்போம். அதிபர் ஹூ ஜிந்தாவ் காலத்தில் 'இணக்கமான சமுதாயம்' என்பது அரசின் கொள்கை முழக்கமாயிற்று. அதனைக் கொண்டே, எழுத்து நீக்கப்பட்டவர்கள் 'என் எழுத்து இணக்கமாக்கப்பட்டது' என்று எள்ளி உரைத்தனர். அழித்தலை இணக்கம் என்பது மங்கல வழக்கன்றோ? அந்த எள்ளலுக்கும் தடை வந்தபோது, ஏறத்தாழ அதே ஒலியுடைய 'ஆற்று நண்டு' என்னும் சொல்லை மக்கள் வழங்கினர். சீன மொழியில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டாகையால் இது மிக எளிது. இது குழூஉக்குறி. 2009ஆம் ஆண்டில் 'புல்மண் குதிரை' என்றொரு விலங்கு இணையத்தில் உலவலாயிற்று. எழுத்திற் பார்த்தால் அஃது ஒரு சாதுவான விலங்கு. ஒலித்துப் பார்த்தால் ஒரு வசைமொழி. இடக்கரடக்கலைத் தலைகீழாக நிறுத்தியது போன்றது இது. பெண்கள் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை 'மீ டூ' என்று உலகெங்கும் வெளியிட்டபோது, சீனப் பெண்கள் 2018இல் 'அரிசி முயல்' என்று எழுதினர். அரிசிக்கு அவர்கள் மொழியில் 'மீ', முயலுக்குத் 'தூ'.

வியந்து நிற்றல் போதுமா?

இவற்றைக் கேட்போர் வியக்கின்றனர். அடக்குமுறையே மொழியைக் கூர்மையாக்குகிறது என்று கூறுவாரும் உளர். பாரதியாரைச் சான்று காட்டுவாரும் உளர். ஆங்கில ஆட்சியை நேரே சாட இயலாதபோதுதானே பாஞ்சாலியைப் பாரதத்தாயாக வைத்துப் பாடினார் என்பது அவர்தம் வாதம்.

இங்கே வேறுபாடு ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. உள்ளுறை வேறு, குழூஉக்குறி வேறு. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமம் ஊன்றிப் படிப்பார்க்குத் திறந்துகொள்வது. அது யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. அச்சத்தில் பிறந்ததும் அன்று. அழகு கருதிக் கவிஞர் தாமே மேற்கொண்ட நெறி அது. குழூஉக்குறியோ பிறர்க்குப் புலப்படலாகாது என்பதற்காகவே பிறந்தது. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. ஆங்கில ஆட்சி போன பின்னும், அவ்வாட்சியை அறியாத நம் பிள்ளைகள் படித்தாலும், அக்காப்பியம் தன் காலில் நிற்கிறது. 'ஆற்று நண்டு' அவ்வாறு நிற்குமா? அடிக்குறிப்பு இல்லையேல் அது வெறும் நண்டே.

மேலும், பாரதியார் ஒளிந்து பேசியவர் அல்லர். 1908இல் 'இந்தியா' இதழின் மீது அரசின் நடவடிக்கை வந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து வெளிப்படையாகவே எழுதினார். அவ்விதழ் ஆங்கில இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டது. 1910இல் நின்றும் போயிற்று. அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1928இல், சென்னை அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதாடினார். அரசு அஞ்சியது உட்பொருளுக்கு அன்று. எளிய மக்கள் கேட்டவுடன் விளங்கிக்கொண்ட நேரிய சொல்லுக்கே அஞ்சியது.

ஆகவே குழூஉக்குறியின் திறத்தை வியப்பதோடு, அதனால் நேரும் இழப்பையும் அளந்து பார்த்தல் திறனாய்வாளர் கடமை. ஊகான் நகரில் நடந்ததை எண்ணுக. லீ வென்லியாங் என்னும் கண் மருத்துவர், தம் மருத்துவமனைக்கு வந்த சிலருக்குக் கொடிய தொற்று கண்டிருப்பதை 2019 டிசம்பர் 30ஆம் நாள், தம்முடன் பயின்ற மருத்துவர்களின் இணையக் குழுவில் மட்டும் தெரிவித்தார். செய்தி வெளியே பரவிற்று. 2020 ஜனவரி 3ஆம் நாள் காவல்துறை அவரை அழைத்து, பொய் பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் பெற்றது. அந்நோயே பற்றி, பிப்ரவரி 7ஆம் நாள் அவர் மறைந்தார். மார்ச்சு மாதத்தில் அக்கண்டிப்பு முறையற்றது என்று திரும்பப் பெறப்பட்டது. ஊரறிய வேண்டிய சொல் ஒரு குழுவுக்குள் சொல்லப்பட்டது. அங்கேயும் அது பொறுக்கப்படவில்லை.

அதே மருத்துவமனையின் மருத்துவர் ஐ ஃபென் அளித்த பேட்டி ஒன்று 2020 மார்ச்சு 10ஆம் நாள் இதழொன்றில் வெளிவந்து, உடனே நீக்கப்பட்டது. மக்கள் அதனைப் பின்னிருந்து முன்னாக எழுதியும், படக்குறிகளால் எழுதியும், தந்திக் குறிகளாக மாற்றியும், பழஞ்சீன எலும்பெழுத்தில் பொறித்தும் மீண்டும் மீண்டும் வெளியிட்டனர். அவர்தம் துணிவைப் போற்றுவோம். ஆயினும் ஒரு மருத்துவர் எளிய சொற்களாற் கூறிய செய்தி, படிப்பதற்கே புலமை வேண்டும் புதிராயிற்று. நோய்க்கு அஞ்சி வீட்டில் அடைபட்டிருந்த முதியவள் ஒருத்திக்கு எலும்பெழுத்தால் என்ன பயன்?

இவ்வழியின் எல்லை 2022 நவம்பரில் தெரிந்தது. உரும்ச்சி நகரில் அடுக்குமாடி வீடொன்றில் தீப்பற்றிப் பத்துப் பேர் மாண்டதை அடுத்து, பல நகரங்களில் மக்கள் வெற்றுத்தாளை ஏந்தி நின்றனர். எழுதினால் குற்றம் என்னும்போது எழுதாத தாளே எழுத்தாயிற்று. அதன் பொருள் அன்று எல்லார்க்கும் விளங்கிற்று. ஆயினும் நாளை வரலாறு எழுதுவோன் அத்தாளைப் புரட்டிப் பார்த்தால் அதில் என்ன இருக்கும்?

நம் நாட்டு நிலை

இஃது எங்கோ சீனத்தில் நடப்பது, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் மலேசியாவில் அத்தகைய புறமதில் இல்லை என்பதை முதலில் நன்றியுடன் கூறவேண்டும். இணையத் தணிக்கைக்கு இச்சட்டம் இடந்தருவதாகப் பொருள் கொள்ளலாகாது என்று 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவே உரைக்கிறது. ஆயின் அதே சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரை எரிச்சலூட்டும் நோக்கோடு, மனம் புண்படுத்தும் செய்தியை வெளியிடுவதைக் குற்றமாக்கிற்று.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். எரிச்சலூட்டுதல் என்னும் வினைக்குச் செயப்படுபொருள் யார்? யாருடைய மனம் அளவுகோல்? திருடுதல், அடித்தல் என்பவை செய்தவனைக் கொண்டு அறியப்படும். எரிச்சலோ கேட்பவனைக் கொண்டே அறியப்படும். கேட்கப்போகிறவன் யாரென்றே அறியாது எழுதுபவன் எவ்வாறு தன் எல்லையை அறிவான்? 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 'மிகவும்' என்னும் பொருள்படும் அடைமொழியும் சில விளக்கங்களும் சேர்க்கப்பட்டன. அத்தோடு தண்டமும் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகவும், சிறை ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும் உச்சவரம்பு உயர்ந்தது. அளவு தெரியாத சொல்லுக்கு முன்னே அளவு கூறும் அடையைச் சேர்த்தால் அளவு வந்துவிடுமா என்பதை அன்பர்களே எண்ணுக.

அகமதிலும் நம்மிடையே எழாமல் இல்லை. 1999இல் தொடங்கப்பெற்ற 'மலேசியாகினி' என்னும் இணைய நாளிதழில், 2020 ஜூன் மாதம் வாசகர் ஐவர் நீதித்துறையைத் தாக்கிக் கருத்து எழுதினர். காவல்துறை தெரிவித்ததும் அவை விரைவில் நீக்கப்பட்டன. ஆயினும் 2021 பிப்ரவரி 19ஆம் நாள், கூட்டரசு நீதிமன்றம், நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காக அந்நிறுவனத்திற்கு 500,000 ரிங்கிட் தண்டம் விதித்தது. நீதிபதிகள் எழுவரில் அறுவர் அவ்வாறு தீர்ப்பளிக்க, நளினி பத்மநாதன் ஒருவரே மாறுபட்டார். அத்தொகையைப் பொதுமக்கள் சில மணி நேரத்தில் திரட்டித் தந்தனர். அவ்வாசகர் எழுதியது சரியென்று வாதிடுவதன்று என் நோக்கம். எழுதினவனோடு சுமந்தவனும் பொறுப்பாளியானால், சுமப்பவன் ஒவ்வொருவனும் தணிக்கையாளன் ஆவான் என்பதே நான் சுட்ட விரும்புவது. இதுவே சீனத்து அகமதிலின் அடிக்கல்.

சிவப்பு மை

இதனை நான் உறுதியாகக் கூறுவதற்குக் காரணம், நானும் அவ்வாறு ஆனவன் என்பதே. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் ஆண்டு மலருக்கு, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'எங்கள் தோட்டம்' என்று ஒரு கட்டுரை தந்தாள். குழாயில் இரவில் மட்டுமே நீர் வருவதையும், தன் தாய் நள்ளிரவு வரை விழித்திருந்து வாளிகளை நிரப்பி வைப்பதையும் அதில் எழுதியிருந்தாள். மலர் அச்சிடுவதற்கு நன்கொடை தருபவர்கள் அதனைப் படிப்பார்களே என்று எண்ணினேன். எவரும் எனக்கு ஆணையிடவில்லை; எச்சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. நானே சிவப்பு மையால் அவ்விரண்டு வாக்கியங்களையும் அடித்தேன்.

அடுத்த தேர்வில் அம்மாணவி தோட்டத்தின் இயற்கை எழிலைப் பற்றி எழுதினாள். பயிற்சி நூலில் உள்ள மாதிரிக் கட்டுரையின் சாயல் அதில் முழுதும் இருந்தது. பிழை ஒன்றுமில்லை. நான் நிறைய மதிப்பெண் இட்டேன். குழாயும் வாளியும் தாயும் அதன்பின் அவள் எழுத்தில் வரவேயில்லை. அவளுக்குக் குழூஉக்குறி தெரியாது, ஆகவே பேசாதிருந்துவிட்டாள். பெரும்பாலோர் செய்வது அதுவே. மே 35 என்று எழுதத் துணிபவரை நாம் வியக்கிறோம். ஒன்றும் எழுதாது போனவரை எண்ணுவார் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 2011இல் அப்துல்லா ஹுசேன் எழுதிய 'இண்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவத்திற்குப் பாடநூலாக வைக்கப்பட்டபோது, அதில் வந்த 'பறையா' என்னும் சொல் நம் மனத்தைப் புண்படுத்துகிறது என்று நாமே அதனை எதிர்த்தோம். அவ்வாண்டு இறுதியில் அந்நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அவ்வாறாயின் பிறரது தணிக்கையை நாம் குறை கூறலாமா என்று வினவலாம். நேர்மையான வினா இது. பதினேழு வயதுப் பிள்ளைகள் அனைவரையும் தேர்வுக்காகப் படிக்கச் செய்யும் நூல் எது என்று முடிவுசெய்வது வேறு. விரும்பியவர் படிக்கும் நூலை இல்லாமற் செய்வது வேறு. நாம் கேட்டது முன்னது. எனினும், அச்சொல்லின் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்பும் அதனோடு போயிற்று என்பதை நான் மறைக்கமாட்டேன். இழிவுபடுத்தும் சொல்லையும் உண்மை கூறும் சொல்லையும் பிரித்துக் காட்டுவது கடினம். அக்கடினத்திற்கு அஞ்சி இரண்டையும் ஒருசேர அடிப்பது எளிது. தணிக்கை எப்போதும் அவ்வெளிய வழியிலேயே செல்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் எழுத்தில் ஒரு வரியை அடிக்கும்போது, அடித்ததன் காரணத்தை ஓரத்தில் எழுதுவோம். எழுதக் கூசும் காரணமாயின் அவ்வரியை அடிக்காதிருப்போம். பொய்யெனில் பொய்யென்போம், பிறரை இழிவுபடுத்துவதெனில் அதனையும் சொல்வோம். 'இதை எழுதாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதிருப்போம். நான் அடித்த அவ்விரண்டு வாக்கியங்களுக்கு ஓரத்தில் எழுதத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

இடக்கரடக்கலும் மங்கலமும் குழூஉக்குறியும் மொழிக்கு வேண்டுவனவே, அவற்றைக் கற்பிப்போம். ஆனால் நன்னூலார் வழக்கினை வகுக்கும்போது எதனை முன் வைத்தார் என்பதையும் சேர்த்துக் கற்பிப்போம். அவர் முன் வைத்தது இயல்பு. தகுதி அதன்பின் வருவது. உள்ளதை உள்ள பெயரால் அச்சமின்றிச் சொல்லக் கூடிய நாட்டில்தான் மறைத்துச் சொல்லுதல் ஓர் அழகாக இருக்க முடியும். மற்ற நாட்டில் அது வெறும் ஒளிவிடமே.