இரண்டு வருட ஓய்வு யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்கள் நமக்கு விடிகாலையில் வந்து சேர்கின்றன. கம்பைநல்லூரில் பல் துலக்கியபடியே கைபேசியில் ஆட்டத் துண்டுகளைப் பார்த்துவிடலாம்; பள்ளி மணி அடிப்பதற்குள் அதைப் பற்றிச் சண்டையும் போட்டுவிடலாம். ஜோயல் எம்பீட் பேச்சு வந்தால் அந்தச் சண்டை இன்றைக்கும் பழைய இடத்துக்கே போய் நிற்கிறது. லீகுக்குள் காலெடுத்து வைக்கும்போதே பாதம் உடைந்திருந்த ஏழடிப் பையனை ஃபிலடெல்ஃபியா அணி இரண்டு முழு சீசன் உட்கார வைத்ததே, அது நிதானமா, இல்லை நேரத்தை வீணடித்ததா?

அந்த எலும்பைப் பொறுத்தவரை நிதானம் சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அது நடத்தப்பட்ட விதத்தில் ஓட்டைகள் உண்டு. அவற்றைக் கண்டுகொள்ளாமல் ‘பெரிய ஆளே இரண்டு வருஷம் ரெஸ்ட் எடுத்தார்’ என்று நம் பையன்களுக்குச் சொல்வது ஆபத்து.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. எம்பீட் 1994-ல் கேமரூன் நாட்டின் யாவுண்டேயில் பிறந்தவர். கூடைப்பந்துக்கு வந்ததே பதினைந்து வயதுக்கு மேல். கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக ஒரே சீசனில் 28 ஆட்டம் ஆடினார். முதுகெலும்பில் விரிசல் கண்டு அந்த சீசனின் கடைசியில் வெளியே உட்கார்ந்தார். 2014 ஜூனில் வலது பாதத்தில் நேவிகுலர் எலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. ஜூன் 20 அன்று அறுவை சிகிச்சை, எலும்புக்குள் இரண்டு திருகாணி. ஆறு நாள் கழித்து நடந்த புதிய வீரர்கள் தேர்வில் ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. சில மாதத்தில் தயாராகிவிடுவார் என்றுதான் முதலில் பேச்சு. 2015 ஜூனில் எடுத்த சி.டி. ஸ்கேனில் எலும்பு எதிர்பார்த்த அளவு கூடவில்லை. ஆகஸ்டில் இரண்டாவது அறுவை. இந்த முறை வேறு எலும்பை எடுத்து ஒட்டு வைத்தார்கள். 2016 அக்டோபர் 26 அன்றுதான் முதல் ஆட்டம். அன்று 20 புள்ளி எடுத்தார். அதற்குள் 164 ஆட்டங்கள் அவர் இல்லாமலே முடிந்திருந்தன.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு அந்த எலும்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணுக்காலுக்கு முன்னால், பாதத்தின் மேல்புறம் மேடாக எழும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன எலும்பு அது. ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் முன்னாலும் பின்னாலும் இருக்கும் எலும்புகள் அதை நடுவில் வைத்து நசுக்குகின்றன. கெட்ட நேரமாக, அதன் நடுப்பகுதிக்குத்தான் ரத்த ஓட்டமும் குறைவு. விரிசல் விழுவது அங்கே; கூடுவதற்குத் தேவையான ரத்தம் போகாததும் அங்கே. வலி கூட நேர்மையாக இருக்காது. நாலு நாள் சும்மா இருந்தால் போய்விடும், ஆடினால் திரும்பும். சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் ஒன்றுமே தெரியாது. சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால்தான் பிடிபடும்.

1992-ல் ஆஸ்திரேலியாவில் கரீம் கான் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கில் இன்றும் முக்கியமான சாட்சி. பாதத்தை ஊன்றவே விடாமல் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டவர்களில் 86 சதவீதம் பேருக்கு எலும்பு கூடியது. ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு, ஆனால் காலை ஊன்றி நடந்துகொண்டிருந்தவர்களில் கூடியது 26 சதவீதம் பேருக்கு மட்டுமே. ‘கொஞ்சம் பார்த்து ஆடுப்பா’ என்று நாம் சொல்கிற அறிவுரை அந்த 26 சதவீதப் பக்கம்தான் சேர்கிறது.

அவசரப்பட்டவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1978 பிளே ஆஃபில் போர்ட்லாந்தின் பில் வால்டன் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு களம் இறங்கினார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் இதே நேவிகுலர் உடைந்திருந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அந்த அணியையே விட்டுப் போனார். சீனத்தின் யாவ் மிங் கதை இன்னும் வேதனையானது. 2.29 மீட்டர் உயரம். 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் அழுத்த முறிவு, அறுவை. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக், ஒரு நாடே காத்திருக்கிறது. வந்து ஆடினார். 2009-ல் அதே பாதம் மறுபடி உடைந்தது. அடுத்த சீசன் போயிற்று. அதற்கடுத்த சீசனில் ஐந்தே ஆட்டம். 2011 ஜூலையில் ஓய்வு அறிவித்தபோது வயது 30. ஒலிம்பிக் அவசரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; அந்த உடல் எடைக்கு அந்தப் பாதம் எப்படியும் தாங்கியிருக்காது என்பவர்களும் உண்டு. ஆனால் அவசரம் உதவவில்லை என்று சொல்லலாம்.

மறுபக்கம் லிதுவேனியாவின் ஜிட்ரூனாஸ் இல்கவுஸ்கஸ். 1996-ல் கிளீவ்லாந்துக்கு வந்தவர், முதல் ஐந்து சீசன்களில் இரண்டை முழுசாகவும் இரண்டைப் பெரும்பகுதியும் பாதத்துக்குப் பலி கொடுத்தார். கடைசியில் உடைந்த எலும்பை ஒட்டியதோடு நிற்காமல், பாதத்தின் அமைப்பையே மாற்றி எடை விழும் இடத்தைத் திருத்தும் அறுவை செய்தார்கள். அதன் பிறகு பத்தாண்டு ஆடினார். அந்த அணிக்காக மொத்தம் 771 ஆட்டம். எம்பீடைக் காக்க வைத்ததற்கு ஆதரவாக எல்லாரும் இவரைத்தான் இழுக்கிறார்கள். எனக்கு இவர் கதை வேறொன்றைச் சொல்கிறது. அவரைக் காப்பாற்றியது காத்திருந்த மாதங்கள் மட்டும் அல்ல. எலும்பு ஏன் உடைகிறது என்று யாரோ ஒருவர் கேட்டு, அந்தக் காரணத்தைச் சரிசெய்ததுதான்.

எம்பீட் விஷயத்தில் இடறியது அங்கேதான். முதல் வருடம் முடியும்போதுதான் எலும்பு போதுமான அளவு கூடவில்லை என்று ஊருக்குத் தெரிந்தது. நடுவே அவர் எடை ஏறியது, பாதுகாப்புக் காலணியை ஒழுங்காக மாட்டவில்லை என்றெல்லாம் செய்திகள் வந்தன. அவருக்கு அப்போது இருபது, இருபத்தொன்று. அந்த 2014 அக்டோபரில்தான் ஊரில் தம்பி சாலை விபத்தில் இறந்துபோனான். ஆட்டமும் இல்லாமல், வீடும் பக்கத்தில் இல்லாமல், துக்கத்தோடு ஒரு பையன். அவனிடம் ‘ஓய்வெடு’ என்று சொல்லிவிட்டால் சிகிச்சை ஆகிவிடுமா? 2016-ல் கத்தாரின் ஆஸ்பெட்டார் விளையாட்டு மருத்துவமனைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். அந்த மாதிரிக் கண்காணிப்பு முதல் வருடத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை கொஞ்சம் அசிங்கமானது. சாம் ஹிங்கி நிர்வகித்த அந்த அணி தோற்பதையே திட்டமாக வைத்திருந்தது. அதிகம் தோற்றால் அடுத்த தேர்வில் முதலில் எடுக்கும் வாய்ப்பு. 2014-15-ல் 18 வெற்றி, 2015-16-ல் 82-க்கு வெறும் 10. எம்பீட் ஆடாமல் இருப்பது அணிக்கு நஷ்டமே இல்லை. டாக்டர்கள் வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது அறுவை நிஜமாகவே தேவைப்பட்டது. ஆனால் வீரரின் நலமும் நிர்வாகத்தின் லாபமும் ஒரே பக்கம் நிற்கும்போது ‘எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்’ என்ற பேச்சை அப்படியே நம்புகிற ரசிகன் பாவம்.

லாபம் எதிர்ப்பக்கம் போனபோது என்ன ஆனது என்றும் பார்த்தோமே. 2016-17-ல் திரும்பி வந்தவருக்கு ஆட்டத்துக்கு இத்தனை நிமிடம்தான் என்று கணக்கு. அடுத்தடுத்த நாள் ஆட்டம் கிடையாது. 25 நிமிடத்துக்குச் சராசரியாக 20 புள்ளி. ஊரே கொண்டாடியது. 2017 ஜனவரி 20 அன்று இடது முழங்காலில் அடி. ஒரு வாரம் கழித்து, நாடு முழுவதும் ஒளிபரப்பான ஹூஸ்டன் ஆட்டத்தில் இறக்கினார்கள். 32 புள்ளி எடுத்தார். முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்பது பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அதோடு சீசன் முடிந்தது. மொத்தம் 31 ஆட்டம். பாதத்துக்கு இரண்டு வருடம் காத்த அதே அணியால் முழங்காலுக்கு இரண்டு வாரம் காக்க முடியவில்லை.

இதற்கு எதிராக சிலர் சொல்வது: 2023-ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதே வாங்கினார், இன்னும் என்ன வேண்டும்? நியாயம்தான். அதற்குப் பிறகு அவரை அதிகம் படுத்தியதும் பாதத்தைவிட முழங்கால்தான். ஆனால் ஒரு சீசனில் 68 ஆட்டத்துக்கு மேல் அவர் ஆடியதே இல்லை. பாதம் பிழைத்தது, உடல் முழுசாகப் பிழைக்கவில்லை. பக்கத்தில் ஓக்லஹோமா சிட்டியின் செட் ஹோம்கிரெனை வைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த ஒரு கோடைக்கால ஆட்டத்தில், தரையில் ஈரம் கோத்து ஆட்டத்தையே பாதியில் நிறுத்த வேண்டியிருந்த அன்று, வலது பாதத்தின் நடுமூட்டு விலகியது. ஒரு சீசன் வெளியே. அடுத்த சீசனில் 82 ஆட்டமும் ஆடினார். 2025-ல் அந்த அணியோடு கோப்பையும் வென்றார். காயம் வேறு, உடம்பு வேறு. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒரு வருட ஓய்வுக்கு ஒரு தெளிவான திட்டமும், அதுவரை உடம்பின் மற்ற பாகங்களுக்கு வேலையும் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் இவரிடம் பார்க்கலாம்.

இப்போது கம்பைநல்லூருக்கு வருவோம். பிளஸ் ஒன் படிக்கிற, ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்துவிட்ட ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைப் பார்த்ததும் பி.டி. சார் கபடியிலிருந்து இழுத்து வந்து கூடைக்குக் கீழே நிறுத்திவிட்டார். சிமெண்ட் தரை, மார்கழிக் காலையில் பனி ஈரம். காலில் தேய்ந்த ஷூ. மேல்பாதத்தில் வலி என்கிறான். ‘சுளுக்குடா’ என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள். நிற்கவில்லை என்றால் புத்தூர் கட்டு. நேராக முறிந்த கை எலும்பை அசையாமல் வைத்துக் கட்டுவதில் அந்தக் கைகளுக்குப் பழக்கம் உண்டு, மறுக்கவில்லை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத விரிசலுக்கு அது உதவாது. கட்டோடு நொண்டி நடந்தால், மேலே சொன்ன, 26 சதவீதம் பேருக்கு மட்டுமே எலும்பு கூடிய கூட்டத்தில் அவனும் ஒருவன். நாலு நாளில் வலி போகும், மண்டலப் போட்டிக்கு ஓடுவான்.

அவன் ஓடுவதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 14, 17, 19 என்று வயதுக் கோடு போட்டிருக்கிற பள்ளிப் போட்டிகளில் ஒரு வருடம் போனால் அந்தப் பிரிவே போயிற்று. சான்றிதழ் இல்லாமல் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 3 சதவீதமும் எட்டாது. எம்பீட் உட்கார்ந்திருந்த முதல் வருடத்துக்கே 44 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கினார். நம் பையன் உட்கார்ந்தால் மைதானத்தில் அவன் இடம் வேறொருவனுக்கு. வீட்டில் ‘பந்தைத் தூக்கிப் போட்டுட்டுப் படிக்கிற வழியைப் பாரு’ என்று அப்பா சொல்வார். பொறுமை என்பது அமெரிக்காவில் அணியின் செலவு. இங்கே அது பையனின் செலவு.

கம்பைநல்லூர் இருக்கும் தருமபுரி மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். நீண்ட காலம் அதிக ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால் எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும், உள்ளே பலம் குறைந்திருக்கும். ஆகவே இங்கே உடைகிற பாதத்தைப் பார்க்கிற டாக்டர், பையன் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தான் என்றும் கேட்க வேண்டும். நல்ல பக்கமும் உண்டு: எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில், நம் கேழ்வரகிலேயே இருக்கிறது.

ஆக, ஓய்வு வேண்டும். நிபந்தனையோடு வேண்டும். பாதத்தின் மேட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுனிக்காலில் நின்று ஒற்றைக்காலால் குதிக்கச் சொல்லுங்கள். வலித்தால் அன்றைக்கே ஆட்டம் நிற்கட்டும். நீவ வேண்டாம், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு பஸ் ஏறுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் ‘ஸ்கேன் வேண்டுமா சார்?’ என்று தயங்காமல் கேளுங்கள். ஊன்றாமல் ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னால் ஊன்றாமல் ஆறு வாரம். அந்த நாட்களில் உட்கார்ந்தபடியே ஃப்ரீ த்ரோ எறியட்டும், தோளுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யட்டும், ஸ்கோர் ஷீட் எழுதட்டும், அணியோடு இருக்கட்டும். திரும்புவதை நாள்காட்டி முடிவு செய்யக் கூடாது, அந்த அழுத்தலும் அந்தக் குதியும்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்வித்துறைக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் ஒரு கோரிக்கை. எலும்பு முறிந்து ஒரு சீசன் இழந்த மாணவனுக்கு, அரசு மருத்துவக் குழு சான்று கொடுத்தால், வயதுக் கணக்கில் அந்த ஒரு வருடத்தைக் கழித்துக் கொடுங்கள். வயதைத் திருத்தி ஆடும் மோசடி நம் விளையாட்டில் ஏற்கெனவே உண்டு, இது அதற்கு இன்னொரு வாசல் ஆகும் என்பார்கள். ஸ்கேன் படமும் சிகிச்சைப் பதிவும் கேட்டால் அந்த வாசலைக் காக்க முடியும். இதைச் செய்யாதவரை, காத்திரு என்று அவனுக்குச் சொல்ல நமக்கு உரிமை குறைவு.