காதும் எழுத்தும்: தாளக் கொள்கை தமிழுக்குப் பொருந்துமா?

‘புளி’, ‘புள்ளி’ என்ற இரு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் ளகரத்தின்போது நாக்கு தொடும் இடம் ஒன்றே. அங்கே அது தங்கும் நேரம்தான் வேறு. ஒரு நொடியின் சிறு பகுதியே ஆன இந்த வேறுபாட்டைக் காது தவறவிட்டால், கை எப்படிச் சரியாக எழுதும்?

அறிவில் குறையில்லாத சில குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள். இக்குறைபாட்டை டிஸ்லெக்சியா என்பர். பேச்சின் தாளத்தை மூளை சரியாகப் பற்றாததே இதற்கு அடிப்படை என்பது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உஷா கோஸ்வாமி 2011இல் வெளியிட்ட கொள்கை.

இதிலுள்ள இயற்பியல் எளியது. பேச்சொலி அலையின் முகடுகளைத் தொட்டு ஒரு கோடு வரைந்தால், அது குன்றுகளின் வரிசைபோல் ஏறி இறங்கும். ஏறத்தாழ அசைக்கொரு குன்று. நொடிக்குச் சுமார் ஐந்து குன்றுகள். ஒலி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறும் வேகமே அசையின் தொடக்கத்தை மூளைக்கு உணர்த்துகிறது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் பலர் இந்த ஏற்றத்தின் வேறுபாட்டை நுட்பமாக உணர்வதில்லை. பேச்சு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளிடமும் இக்குறை காணப்பட்டது. பேச்சையும் வாசிப்பையும் ஒரே அளவுகோலால் அளக்க முயல்வது இக்கொள்கையின் சிறப்பு.

ஆனால் இதன் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் குழந்தைகளைக் கொண்டு வளர்ந்தது. ஆங்கிலத்தின் தாளம் அழுத்தத்தில் இருக்கிறது. தமிழின் தாளமோ மாத்திரையில் இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியமே வகுத்துள்ளது. ஆகவே தமிழ்க் குழந்தையிடம் ஏற்றத்தை மட்டும் அளந்தால் போதாது. நீளத்தையும் அளக்க வேண்டும். நீளத்தால் பொருள் மாறும் மற்றொரு மொழி பின்னிஷ். குடும்பத்தில் டிஸ்லெக்சியா உள்ள ஆறுமாதக் குழந்தைகள், ஒற்றை மெய்யையும் இரட்டை மெய்யையும் மற்றக் குழந்தைகளைப்போல் பிரித்துணர்வதில்லை என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர்.

இங்குள்ள நிலை என்ன? 2015இல் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட டிஸ்லெக்சியா சோதனைத் தொகுப்பில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கே இருந்தன. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. எனினும் தாய்மொழியில் தக்க சோதனை கிட்டாத குழந்தைக்கு அவ்வுரிமை எப்படிக் கைக்கு எட்டும்? ‘மக்கு’ என்ற பட்டமே எஞ்சும்.

தமிழில் சோதனை அமைக்க விரும்புவோர் திருவண்ணாமலைக்கு வரலாம். அருணகிரிநாதர் வாழ்ந்த ஊர் இது. அவருடைய திருப்புகழின் சந்தங்களைக் குறிக்கும் தன, தான, தன்ன, தத்த என்பவை குறில், நெடில், இரட்டித்த மெய் ஆகியவற்றையே பிரித்துக் காட்டுகின்றன. கேட்டு வேறுபாடு சொல்லும் சோதனைக்கு இவை ஏற்ற ஒலிகள் அல்லவா?

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2015இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், ஓவியம் பயின்றவர்களைவிட இசை பயின்ற டிஸ்லெக்சியா குழந்தைகள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறினர். இதை வைத்து, கைதட்டிப் பாடினாலே குறை தீரும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தை அதன் எழுத்தைப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். கேட்ட ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் பொறுமையாக இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஈடு இல்லை.

தாளக் கொள்கை நமக்கு ஒரு நல்ல கேள்வியைத் தந்திருக்கிறது. அதற்குரிய விடையைத் தமிழ்க் குழந்தைகளிடம்தான் தேட வேண்டும்.